பூட்டுக்கு ஆயுள் எத்தனை நாள்?

கேள்வி இதுதான்: பல வருடங்களுக்கு முன் காசு கொடுத்து வாங்கிய கேம் சிடி புதுக் கம்ப்யூட்டரில் ஓட மறுக்கிறது. அதே கேமின் கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்த, பிரதி ஜம்மென்று ஓடுகிறது. அப்படியானால் இந்த நகல் தடுப்பு எல்லாம் வெட்டி வேலைதானே? அதனால் யாருக்காவது, எப்போதாவது பயன் இருந்திருக்கிறதா?

இருந்திருக்கிறது, ஆனால் சில வாரங்களுக்கு. சில வாரத்துக்கு வேண்டிய பூட்டை ஆயுள் முழுக்கத் தொங்கவிட்டதுதான் கோளாறு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் சிடி. 2000-ஐ ஒட்டி வந்த விண்டோஸ் கேம் என்றால் அதில் சேஃப்டிஸ்க் அல்லது செக்யூரோம் என்ற பூட்டு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சேஃப்டிஸ்க் வேலை செய்ய விண்டோஸுக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும் டிரைவர் என்ற ஒரு சின்ன துணைப் புரோகிராம் தேவை. விண்டோஸ் எக்ஸ்பியோடு மைக்ரோசாஃப்டே அதைச் சேர்த்துக் கொடுத்தது. 2007-இல் அந்த டிரைவரில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வழியாகக் கம்ப்யூட்டரின் முழுக் கட்டுப்பாட்டையும் பிடிக்கலாம். கேம் விளையாடாதவர்களின் கம்ப்யூட்டரிலும் அந்த டிரைவர் இருந்தது என்பதைக் கவனியுங்கள். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது சேஃப்டிஸ்க், செக்யூரோம் இரண்டுக்கும் இனி இடமில்லை என்று மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. உங்கள் கேம் இன்றும் அந்தக் காவலாளியிடம்தான் அனுமதி கேட்கிறது. காவலாளி வேலையை விட்டுப் போய்விட்டான், கதவு மட்டும் பூட்டியே கிடக்கிறது. கிராக் செய்தவரோ, அனுமதி கேட்கும் வரியையே வெட்டிவிட்டார். அதனால் அது ஓடுகிறது.

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. கேம் வெளியிட்டவர்களே இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். 2008-இல் யுபிசாஃப்ட் தன் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 கேமுக்கு ஒரு பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, வெளியிட்டது. அதைப் போட்டதும், டவுன்லோடாக வாங்கியவர்களிடம் "டிஸ்க்கைப் போடு" என்று கேம் கேட்க ஆரம்பித்தது. டவுன்லோடு செய்தவர் டிஸ்க்குக்கு எங்கே போவார்? கடைசியில் தீர்வு என்று ஒரு கோப்பு கொடுத்தார்கள். யாரோ சும்மா இருக்காமல் அதைத் திறந்து பார்த்தால், உள்ளே ரீலோடட் என்ற பிரபல கிராக் குழுவின் பெயர். பூட்டுப் போட்டவரே சாவியைத் தொலைத்துவிட்டுத் திருடனின் கள்ளச்சாவியை வாங்கிவந்து வாடிக்கையாளர் கையில் கொடுத்த கதை.

சரி, இது எங்கே ஆரம்பித்தது? 1976 பிப்ரவரியில் இருபது வயது பில் கேட்ஸ் கம்ப்யூட்டர் ஆர்வலர்களுக்கு எழுதிய திறந்த மடலைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆல்டேர் கம்ப்யூட்டருக்காக அவர் குழு எழுதிய பேசிக் மொழி, துளையிட்ட காகித நாடாவில் இருந்தது. அந்த நாடா கைமாறிக் கைமாறி நகலாகப் பரவியது. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட அதை வாங்கவில்லை என்று கோபமாக எழுதினார். நியாயமான கோபம்தான். ஆனால் அந்த நகல்கள் பரவியதால்தான் மைக்ரோசாஃப்டின் பேசிக் எல்லாரும் அறிந்த மொழியாயிற்று என்ற எதிர்வாதமும் அன்றிலிருந்தே உண்டு. அரை நூற்றாண்டாக இரண்டு தரப்பும் அதே வசனத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கின்றன.

ஃப்ளாப்பி காலத்தில் தந்திரம் எளிமையானது, ஆனால் அழகானது. டிஸ்க்கில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே பிழையை வைத்துவிடுவார்கள். சாதாரணமாக நகல் எடுக்கும் புரோகிராம் அந்த இடத்தில் திணறி நின்றுவிடும், அல்லது பிழையைத் திருத்திச் சுத்தமான நகலை எழுதிவிடும். கேம் துவங்கும்போது அந்தப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும். பிழை இருந்தால் அசல், சரியாக இருந்தால் போலி! உடனே பிழையையும் சேர்த்து நகலெடுக்கும் புரோகிராம்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றை ஏமாற்றப் புதுப் பிழைகள், அதற்கும் புது நகல் புரோகிராம் என்று போட்டி வளர்ந்தது. டிஸ்க்கில் லேசரால் ஓட்டை போடும் அளவுக்குக்கூடப் போனார்கள்.

எனக்குப் பிடித்தவை காகிதப் பூட்டுகள். டிஸ்க்கை நகலெடுப்பது எளிது. பெட்டிக்குள் இருக்கும் அட்டையையும் புத்தகத்தையும் நகலெடுக்கச் சோம்பல் வரும் என்ற கணக்கு. 1990-இல் வந்த மங்கி ஐலண்ட் கேமோடு இரண்டு வட்ட அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்திய சக்கரம் ஒன்று வரும். மேல் வட்டத்தில் கடற்கொள்ளையர்களின் பாதி முகம், கீழ் வட்டத்தில் மீதி. திரையில் ஒரு முகம் தெரியும். சக்கரத்தைச் சுழற்றி அதே முகத்தைப் பொருத்தினால், சின்ன ஜன்னலில் ஒரு வருடம் தெரியும். அவன் இன்ன இடத்தில் தூக்கிலிடப்பட்ட வருடமாம். அதைத் தட்டச்சு செய்தால்தான் கேம் திறக்கும். இதைப் பூட்டு என்று யாரும் திட்டவில்லை, பொம்மை என்று வைத்துக்கொண்டார்கள். சிம்சிட்டியின் முதல் பதிப்போ அடர்சிவப்புத் தாளில் குறியீடுகளை அச்சடித்துக் கொடுத்தது. ஜெராக்ஸ் எடுத்தால் முழுக் கறுப்பாக வரும். பாவம், மங்கலான விளக்கில் அதைப் படிக்க முயன்ற வாடிக்கையாளரின் கண்ணும்தான் இருண்டுபோயிற்று.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா கேமின் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) பதிப்பில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். தரையில் வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும். தப்பாகக் குடித்தால் உயிர்பலம் குறையும், தப்பு தொடர்ந்தால் சாவு. கையேடு இல்லாமல் வளர்ந்த ஒரு தலைமுறையே அந்த அறையில் விதம்விதமாகச் செத்திருக்கிறது. அது நகல் தடுப்பு என்பதே பலருக்குத் தெரியாது. கேமில் அது ஒரு கஷ்டமான கட்டம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1990-இல் நிண்டெண்டோவின் ஸ்டார்ட்ராபிக்ஸ் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. கேமில் ஒரு கட்டத்தில், மாமாவின் கடிதத்தைத் தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். நிஜக் கடிதத்தை நிஜத் தண்ணீரில் நனைத்தால் 747 என்ற எண் தெரியும். பழைய கேசட்டை மட்டும் கைமாற்றி வாங்கியவருக்கு அது எப்படிப் புரியும்? 1998-இல் வந்த மெட்டல் கியர் சாலிட்டில் ஒரு கதாபாத்திரத்தின் ரேடியோ அலைவரிசை "சிடி உறையின் பின்னால்" இருக்கிறது என்பார்கள். கதைக்குள் ஒரு சிடியும் கையில் இருக்கும். அதைத் திருப்பிப் பார்க்கப் படாதபாடு பட்டவர்கள் உண்டு. விடை கேம் விற்ற பெட்டியின் பின்னட்டையில் ஒரு படத்தில் இருந்தது: 140.15. வாடகைக்கு எடுத்து, பெட்டி இல்லாமல் விளையாடியவர்கள் அங்கேயே நின்றார்கள்.

இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் விண்டோஸ் 95-இன் சிடி கீ (நிறுவும்போது அடிக்க வேண்டிய எண்) ஒரு நகைச்சுவை. மூன்று இலக்கம், ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். முதல் மூன்றில் 333, 444 மாதிரி சில எண்கள் கூடாது. பின்னால் வரும் ஏழு இலக்கங்களையும் கூட்டினால் ஏழால் மீதியின்றி வகுபட வேண்டும். பூட்டு இவ்வளவுதான். ஆக, 111-1111111 என்று அடித்தால் ஏழு ஒன்றுகள், கூட்டினால் ஏழு, கதவு திறந்துவிடும். உலகையே புரட்டிப்போட்ட மென்பொருளின் காவல், நான்காம் வகுப்புக் கணக்கு. அதை மைக்ரோசாஃப்ட் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. 2001-இல் எக்ஸ்பியோடு ஆக்டிவேஷனை, அதாவது மைக்ரோசாஃப்டிடம் சரிபார்த்தால்தான் தொடர்ந்து ஓடும் முறையை, கொண்டுவந்த பிறகுதான் உண்மையான இறுக்கம் தொடங்கியது.

தொழில்நுட்ப ரீதியாக நான் தொப்பியைக் கழற்றுவது சோனியின் கேம் பெட்டியான முதல் பிளேஸ்டேஷனின் பூட்டுக்கு. சிடியில் தகவல் எழுதப்படும் தடம் ஒரு சுருள். சோனி தன் டிஸ்க்குகளின் உள்விளிம்பில் அந்தச் சுருளை நேராகப் போடாமல் மிக நுண்ணிய அளவில் நெளியவிட்டது. அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கும், அவை உலகின் எந்தப் பகுதிக்கான டிஸ்க் என்று சொல்லும். வீட்டில் சிடி எழுதும் கருவி தகவலைத்தான் நகலெடுக்கும், நெளிவை அல்ல. எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் அதனால் முடியாது. டிஸ்க்கின் அடிப்பக்கக் கறுப்பு நிறம்தான் ரகசியம் என்று பலர் நம்பினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதை எப்படி உடைத்தார்கள்? பிளேஸ்டேஷன் நெளிவைத் துவக்கத்தில் மட்டும்தான் பார்க்கும் என்பதைக் கண்டுகொண்டார்கள். மூடி மூடியிருக்கிறது என்று பெட்டியை நம்பவைக்க, மூடி அழுத்தும் பொத்தானில் ஏதாவது செருகி அழுத்தி வைப்பார்கள். அசல் டிஸ்க் சுழலும், சோதனை முடியும், சரியான நொடியில் அசலைத் தூக்கிவிட்டு நகலை வைப்பார்கள். கொஞ்சம் பிந்தினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு சின்ன சிப்புகள் வந்தன. அவை செய்த ஒரே வேலை, அந்த நான்கு எழுத்துகளைப் பெட்டியின் காதில் திரும்பத் திரும்ப ஓதுவது.

இனி "பயன் இருந்ததா" என்ற கேள்விக்கு வருகிறேன். 2000-இல் வந்த ஸ்பைரோ: இயர் ஆஃப் த டிராகன் இதற்கு நல்ல உதாரணம். தயாரித்தவர்களுக்குத் தெரியும், எந்தப் பூட்டும் உடையும். அதனால் உடைக்க முடியாத பூட்டுக்கு முயலவே இல்லை. உடைத்துவிட்டோம் என்று எதிராளி நம்பும்படி செய்தார்கள். கிராக் போட்டால் கேம் ஓடும். கொஞ்ச தூரம் போனதும் ஒரு தேவதை வந்து, "இது திருட்டுப் பிரதி போலிருக்கிறதே" என்பாள். அதையும் தாண்டினால் சேகரித்த முட்டைகள் காணாமல் போகும். கடைசிச் சண்டையின் நடுவில் சேமித்ததெல்லாம் அழிந்து மறுபடி துவக்கத்தில் நிற்பீர்கள். கிராக் செய்பவர் முழு கேமையும் விளையாடிப் பார்த்தால்தான் எங்கெங்கே கண்ணி இருக்கிறது என்று தெரியும். முந்தைய ஸ்பைரோ சில நாட்களிலேயே உடைந்திருந்தது. இது இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கியது. கேம் விற்பனையின் கொழுத்த பங்கு முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடும் என்பதால், அந்த இரண்டு மாதம் கையில் காசு.

2013-இல் கேம் டெவ் டைகூன் என்ற சின்ன கேமைச் செய்தவர்கள் வேறு மாதிரி விளையாடினார்கள். கேம் நிறுவனம் நடத்துவதுதான் அந்த கேமே. வெளியான அன்றே, தாங்களே ஒரு "கிராக்" பிரதியை டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு வழியில் ஏற்றினார்கள். அதில் கொஞ்ச நேரம் கழித்து, உங்கள் கற்பனை நிறுவனத்தின் கேம்களை எல்லாரும் திருடுகிறார்கள், காசு வரவில்லை என்று செய்தி வரும். எவ்வளவு நல்ல கேம் செய்தாலும் திவால்தான். முதல் நாள் கணக்கில் 3,104 பேர் திருட்டுப் பிரதி, 214 பேர் காசு கொடுத்து வாங்கியவர்கள். அதைவிடச் சுவை, திருடி விளையாடிய சிலரே "பைரசியால் என் கம்பெனி மூழ்குகிறது, நகல் தடுப்பை ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க வழி உண்டா" என்று பொதுவெளியில் கேட்டதுதான். தன் வினை தன்னைச் சுடும் என்பதை இவ்வளவு செலவில்லாமல் யாரும் செய்து காட்டியதில்லை. ஆனால் 214-ஐயும் பாருங்கள். பாடம் நன்றாகத்தான் இருந்தது, கல்லா நிறைந்ததா என்பது வேறு கேள்வி.

மறுபக்கம் இருக்கிறது, அது அசிங்கமானது. 2002 வாக்கில் சில இசைச் சிடிகளில் கம்ப்யூட்டரைக் குழப்பப் போலித் தடம் ஒன்றை விளிம்பில் வைத்தார்கள். சாதாரண ஸ்கெட்ச் பேனாவால் அந்த விளிம்பைக் கறுப்பாக்கினால் போதும், பூட்டு காலி. அதோடு புத்தி வந்திருக்கலாம். 2005-இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? பாட்டுச் சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால், விண்டோஸுக்குள் ரகசியமாக ஒரு ரூட்கிட்டை நுழைத்தது. வைரஸ்கள் ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தும் அதே உத்தி. குறிப்பிட்ட சில எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்துவிடும். எந்தக் கோப்பையும் என்றால், வைரஸின் கோப்பையும்தான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஏமாற்றி விளையாடுபவர்கள் தங்கள் தில்லுமுல்லு புரோகிராமுக்கு அந்தப் பெயரை வைத்து ஒளித்துக்கொண்டார்கள்! மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் அந்த அக்டோபர் கடைசி நாளில் இதை அம்பலப்படுத்தினார். நிறுவனம் கொடுத்த நீக்கும் கருவி இன்னொரு ஓட்டையைத் திறந்தது. நவம்பரில் சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள். திருட்டைத் தடுக்கிறேன் என்று வந்த அந்த மென்பொருளுக்குள்ளேயே, லேம் என்ற திறந்த மூல எம்பி3 மென்பொருளின் நிரல்கள் உரிம விதியை மீறி இருந்ததாகக் கண்டறிந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்று சொன்னால்கூட வேலிக்குக் கேவலம்.

இந்தச் சண்டை ஜனங்களின் பேச்சில் எப்படித் தங்கியிருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கை. 1992-இல் ஃப்ளாப்பியை நகலெடுக்காதே என்று ராப் பாடி ஒரு பிரச்சார வீடியோ வந்தது. அதைப் பார்த்து யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை, சிரித்தவர்கள் ஏராளம். 2004-இல் வந்தது "நீ காரைத் திருட மாட்டாய்" விளம்பரம். அதை டிவிடியின் துவக்கத்தில் தாண்டிப் போக முடியாதபடி வைத்தார்கள். யார் பார்த்தார்கள்? காசு கொடுத்து அசல் வாங்கியவர். திருட்டுப் பிரதியில் அது வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பிரச்சாரத்தின் பழைய பிடிஎஃப் ஒன்றில் இருந்த எழுத்துரு, ஜஸ்ட் வான் ராஸம் 1992-இல் வடிவமைத்த எழுத்துருவின் போலி நகல் என்று 2025-இல் தெரியவந்தது. (பைத்தான் மொழியை உருவாக்கிய கீடோ வான் ராஸமின் தம்பி அவர்.)

எதிர்த்தரப்பின் கலாச்சாரமோ உயிரோடு இருக்கிறது. போலி சீரியல் நம்பர் தயாரிக்கும் கீஜென் புரோகிராமைத் திறந்தால் சின்ன ஜன்னலில் சீரியல் நம்பர் வரும், கூடவே டிங் டிங் என்று ஒரு பாட்டு ஓடும். தாங்கள்தான் முதலில் உடைத்தோம் என்று பெருமையடிக்க, கிராக் குழுக்கள் கேமின் துவக்கத்தில் போட்ட சிறு காட்சிகளிலிருந்து கிளைத்ததுதான் டெமோசீன் என்ற கலை. சில கிலோபைட்டுக்குள் இசையும் படமும் அடைக்கும் வித்தை. 2020-இல் பின்லாந்து அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது.

இப்போதைய பூட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் சர்வருக்குப் போய்விட்டது. கிணறு விற்ற கதை தெரியுமல்லவா? "கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை" என்றானாம். அதுதான் இன்றைய லைசென்ஸ். 2009-இல் அமேசான், உரிமை இல்லாதவர் விற்ற பிரதி என்று காரணம் சொல்லி, வாசகர்களின் கிண்டிலிலிருந்து ஒரு புத்தகத்தைத் தொலைவிலிருந்தே அழித்தது. எந்தப் புத்தகம்? ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984. தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் அணைத்தது. தனியாக விளையாடுபவருக்கும் கேம் அத்தோடு செத்தது. அதிலிருந்து கிளம்பிய "கேம்களைக் கொல்லாதீர்" இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025-இல் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

என் அனுபவம் ஒன்று. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வரைபட மென்பொருள் இருந்தது. தீப்பெட்டி அளவு டாங்கிள், அதாவது பூட்டுக் கருவி, ஒன்றைக் கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகி, இரண்டு பக்கமும் திருகி வைத்தால்தான் அது ஓடும். ஒருநாள் மேசையை நகர்த்தும்போது கேபிள் இழுத்து டாங்கிளின் ஒரு பின் வளைந்துவிட்டது. விற்ற நிறுவனத்தைக் கேட்டால், டாங்கிள் போனால் லைசென்ஸே போனதுபோல, புதிதாக முழு விலைக்கு வாங்குங்கள் என்றார்கள். புருவம் பிடுங்கும் இடுக்கியால் பின்னை நிமிர்த்தினோம். அன்றிலிருந்து அந்த மேசையைச் சுற்றி நடக்கும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். பிறகு அந்த நிறுவனமே மூடப்பட்டது. டாங்கிள் மட்டும் விசுவாசமாக, கேட்க ஆள் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்தது.

அதனால்தான் பூட்டுக்கு ஆயுள் வேண்டும் என்கிறேன். இது முடியாத காரியம் இல்லை. 2016 மே மாதம் வந்த டூம் கேமில் டெனுவோ என்ற கடுமையான பூட்டு இருந்தது. டிசம்பரில் தயாரிப்பாளர்களே அதைக் கழற்றிவிட்டார்கள். இன்னும் பல கேம்களிலும் விற்பனைச் சூடு ஆறியதும் அப்படிச் செய்கிறார்கள். உழைத்தவனுக்கு முதல் மாதங்களின் காசு போய்ச் சேரட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அப்புறம் கழற்றுங்கள்.

உங்கள் சிடிக்கு என்ன வழி? கேம் வெளியிட்டவர் சிடி சோதனையை நீக்கிய பேட்ச் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பல பழைய கேம்களுக்குக் கடைசிப் பேட்ச் அப்படித்தான் வந்தது. இல்லையென்றால், 2008-இல் தொடங்கிய ஜிஓஜி என்ற கேம் விற்பனைத் தளத்தில் பூட்டே இல்லாத பதிப்பு இருக்கலாம், மறுபடி காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் எரிச்சல். பெட்டியையும் கையேட்டையும் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1998-இல் விற்ற ஹாஃப்-லைஃப் சிடி உறையில் இருந்த எண்ணை ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் அடித்தவர்களுக்கு கேம் அவர்கள் கணக்கிலேயே ஏறியது. உங்கள் கேமின் நிறுவனமும் பழைய கீயை ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்றால், சிடி டிரைவே இல்லாத கம்ப்யூட்டரிலும் அது இறங்கத் தொடங்கிவிடும்.